மஞ்சள் வலைக்கு மேல் சீமெந்து

லாச்சப்பலில் சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றால் ஒரு காலத்தில் காதில் விழுந்தவை விசாக் கதைகள். கார்த் வந்ததா, வழக்கறிஞர் யார், எத்தனையாவது தரம் மறுத்தவன். இப்போது கதை மாறிவிட்டது. "பின்வளவுக்குள்ள எத்தனை மீற்றர் இழுத்தனீ?" "ஆர் மேசன்?" "மெரியில குடுத்துச் செய்தனியோ, சும்மா செய்தனியோ?"

நல்ல மாற்றம்தான். உணவகக் குசினியில் கோப்பை கழுவியும், விடியப்புறம் அலுவலகங்களில் துப்புரவு செய்தும் சேர்த்த காசில் எங்கட சனம் பொண்டி, பொபினி, ட்ரான்சி, லா கூர்நெவ், லெ பூர்ஜே பக்கம் வீடு வாங்கியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் எழும்பிய சின்னப் பவியோன்கள். முன்னுக்கு வேலி, பின்னுக்கு நாலு முழத் தோட்டம், உள்ளே நெருக்கமான அறைகள். வாங்கின இரண்டாம் வருடமே நெருக்கம் தெரியத் தொடங்கும். மீன் பொரிக்கிற மணம் வீட்டுக்குள் வராமல் பின்னுக்கு ஒரு குசினி வேண்டும். அம்மா ஊரிலிருந்து வந்தால் படுக்கக் கீழே ஒரு அறை வேண்டும். கராஜை அறையாக்கினால் மாதம் மாதம் வங்கிக் கடனில் ஒரு பங்கு வாடகையாகவே வந்துவிடும். ஆக, கட்டுகிறோம்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ஷொஃபாஜ், குழாய் வேலை செய்கிறவன். இருப்பதும் பொண்டியில்தான். கொதிகலனுக்கு வருடத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் செய்வது இங்கே சட்டப்படி கட்டாயம் என்பதால், எங்கட ஆட்களின் வீடுகளுக்குள் வருடாவருடம் போய்வருகிறேன். கடந்த சில வருடங்களில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேலியில் காஸ் பெட்டி இருக்கிறது. கொதிகலன் பழைய வீட்டின் பின்சுவரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், முந்தித் தோட்டம் இருந்த இடத்தில், ஒரு முழு அறையும் மாபிள் பதித்த நிலமும். குழாய் எங்கே?

"அது கீழால போகுது அண்ணை. முந்தியும் உதாலதானே போனது."

ஒரு வீட்டில், அத்திவாரம் வெட்டிய மண்ணோடு சேர்த்து மூலையில் குவித்திருந்த குப்பைக்குள் கிழிந்த மஞ்சள் பிளாஸ்ரிக் வலை கிடந்தது. மேசன் அதை ஏதோ பழைய தோட்ட வலை என்று நினைத்து இழுத்து எறிந்திருக்கிறார். அந்த வலையை நிலத்துக்குள் போட்டதே அவருக்காகத்தான். பிரான்சில் நிலத்தடிக் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் மேலே எச்சரிக்கை வலை விரிப்பார்கள். நீலம் என்றால் தண்ணீர், சிவப்பு என்றால் மின்சாரம், பச்சை தொலைபேசி, மண்ணிறம் கழிவுநீர். மஞ்சள் என்றால் காஸ். மண்வெட்டி மஞ்சளில் பட்டால் வெட்டுவதை நிறுத்து என்பதுதான் அதன் ஒரே செய்தி.

ஊரிலே எங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை. இலங்கையில் வீட்டுக்குக் காஸ் என்றால் சிலிண்டர். 2021 கடைசியில் அங்கே அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்து, காஸ் கலவையின் விகிதம் பற்றிப் பாராளுமன்றம் வரை பேச்சு எழுந்தபோது, இங்கிருந்து எத்தனை பேர் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ரெலிபோன் எடுத்து "சிலிண்டரை வெளியில வையுங்கோ" என்று சொன்னார்கள். அந்தப் பயம் சரியானது. ஆனால் அப்படிச் சொன்ன அதே ஆள், தன் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத குழாய்க்கு மேல் சீமெந்து ஊற்றியிருப்பார். சிலிண்டர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, பயம் வருகிறது. குழாய் மண்ணுக்குள் படுத்திருக்கிறது, மறந்துவிடுகிறோம்.

குழாய்க்கு மேலே கட்டினால் என்ன நடக்கும்? நான் கேட்கப்படுகிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "குழாய் உடையாதே அண்ணை, மேல சீமெந்துதானே பாதுகாப்பு?" எதிர்மாறு. திறந்த மண்ணில் கிடக்கிற குழாய் கசிந்தால், இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசு என்பதால் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளால் மேலே வந்து காற்றோடு போய்விடும். மணம் வரும், ஆராவது கவனிப்பார்கள். மேலே சீமெந்துத் தட்டு வந்துவிட்டால் அந்த வழி அடைபடும். காஸ் பக்கவாட்டில் நகரும். கழிவுநீர்க் குழாய் போகிற துளை, மின்கம்பி போகிற உறை, பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் இடையில் விட்ட வெடிப்பு, எங்கே இளக்கமோ அங்கே போகும். போய்ச் சேருகிற இடம் வீட்டின் உள்பக்கம். காற்றில் மீதேன் 5 வீதத்திலிருந்து 15 வீதம் வரைக்குள் இருந்தால், ஒரு சுவிச்சின் பொறி போதும்.

மணம் வருமே என்று நம்பியிருப்பதும் முழுக்கச் சரியில்லை. இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது, மணத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். மண்ணுக்குள்ளால் நெடுந்தூரம் ஊடுருவி வருகிறபோது, முக்கியமாகக் களிமண்ணில், அந்த மணத்தை மண்ணே உறிஞ்சிவிடக் கூடும்.

இன்னொன்று பாரம். தோட்டத்துக்குள் புதைத்த குழாய் தன் மேல் ஒரு சுவர் நிற்கும் என்று எண்ணிப் போடப்பட்டதல்ல. புது அறை கொஞ்சம் இறங்கும், எல்லாப் புதுக் கட்டடமும் இறங்கும். பழைய வீடு இறங்காது. குழாய் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். எங்கள் 93 ஆம் மாவட்டத்து நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் சுருங்கி மாரியில் உப்புகிற களிமண் பல இடங்களில் உண்டு. சில பகுதிகளில் அடியில் தண்ணீரில் கரைகிற ஜிப்சம் இருக்கிறது. வீட்டுச் சுவரில் மூலைவிட்டமாக வெடிப்பு விழுந்தால் பூசி மறைக்கிறோம். அதே அசைவு கீழே கிடக்கிற குழாய்க்கும் நடந்திருக்கும் என்று நினைப்பதில்லை.

மண் அசைந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு நன்றாகவே கண்டிருக்கிறது. 1999 டிசம்பரில் டிஜோன் நகரில் 11 பேர், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி முலூஸ் நகரில் 17 பேர் காஸ் வெடிப்பில் இறந்தார்கள். (அந்த 26 ஆம் திகதி எங்களுக்கு வேறு காரணத்துக்காக மறக்க முடியாத நாள், அதனால் முலூஸ் எங்கள் காதில் விழவே இல்லை.) முலூஸில் உடைந்தது வீட்டுக்குள் இருந்த குழாயல்ல, வீதிக்குக் கீழே கிடந்த பழைய வார்ப்பிரும்புக் குழாய். காஸ் மண்ணுக்குள்ளால் கட்டடத்துக்குள் புகுந்தது. அதன் பிறகுதான் அந்த வகைக் குழாய்களை நாடு முழுவதும் விரைந்து மாற்றி முடித்தார்கள்.

லாச்சப்பலிலிருந்து நடந்தே போய்விடக் கூடிய ரூ து த்ரெவீஸ் வீதியில் 2019 ஜனவரி 12 சனிக்கிழமை காலை நடந்ததை நிறையப் பேர் நினைவில் வைத்திருப்பீர்கள். தீயணைப்பு வீரர் இருவர், அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரு பெண், சுற்றுலாவுக்கு வந்த ஒரு ஸ்பானியப் பெண் என நால்வர் இறந்தார்கள். 60 க்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் வீடில்லாமல் போனார்கள். நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள் காரணமாகச் சொன்னது: கழிவுநீர் கசிந்து நடைபாதைக்குக் கீழே மண் அரித்து இறங்கியது, இறங்கிய மண்ணோடு காஸ் குழாய் முறிந்தது. காஸ் குழாயைக் கெடுத்தது தண்ணீர். பின்வளவில் குசினி கட்டுகிறவர்கள் கழிவுநீர்க் குழாயை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன், ஆகவேதான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பொண்டிக்கே வருவோம். நான் இந்த ஊருக்குக் குடிவருவதற்கு முதல், 2007 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, இங்கே வீதியில் நடந்த வேலையொன்றின்போது காஸ் குழாய் சேதமடைந்து வெடித்தது. ஒருவர் இறந்தார், நாற்பதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்து ஊர் நுவாசி-லெ-செக்கில் இன்னொன்று. 2008 பெப்ரவரி 28 ஆம் திகதி லியோனில் ஒரு தீயணைப்பு வீரர் பலி. இவை அடுத்தடுத்து நடந்ததால்தான் நிலம் தோண்டுவது பற்றிய சட்டம் திருத்தி எழுதப்பட்டது. 2012 ஜூலை முதல், பிரான்சில் யார் நிலம் வெட்டினாலும், கம்பனியோ தனியாளோ, அரசின் ஒரே இணையத்தளத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். காஸ், மின்சாரம், தண்ணீர் நிறுவனங்கள் தங்கள் குழாய் எங்கே போகிறது என்று வரைபடத்தோடு பதில் தரவேண்டும். காசு கிடையாது. ஒரு வாரம், பத்து நாளில் பதில் வந்துவிடும். இந்த நாட்டு மண்வெட்டி வேலை முழுவதற்கும் பொருந்துகிற ஒரு சட்டத்தின் பிறப்பில் எங்கட பொண்டிக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் பொண்டியில் இருக்கிற எங்கட ஆட்களில் அதைக் கேள்விப்பட்டவர்களை விரலில் எண்ணலாம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதுதான் எங்களுக்கு முக்கியம். அந்த வரைபடம் மீற்றர் வரைக்கும்தான். மீற்றர் வேலியில் இருந்தால், மஞ்சள் மீற்றருக்குப் பிறகு உங்கள் தோட்டத்துக்குள்ளால் ஓடுகிற குழாய் உங்களுடையது. அது எங்கே போகிறது என்று ஜி.ஆர்.டி.எஃப். நிறுவனத்துக்குத் தெரியாது. மெரிக்கும் தெரியாது. அதை ஐம்பது வருடத்துக்கு முதல் போட்ட ஆள் இன்று இருப்பாரோ தெரியாது.

"நான் மெரியில ஒழுங்கா பேப்பர் குடுத்துத்தான் கட்டினனான்" என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள். நல்லது. 5 சதுர மீற்றருக்கு மேல் என்றால் அறிவித்தல் வேண்டும், 20 க்கு மேல், நகர வலயத்தில் சில நிலைகளில் 40 க்கு மேல், முழு அனுமதி வேண்டும். ஆனால் மெரி பார்ப்பது உயரம், அயலவனின் எல்லை, கூரையின் நிறம் போன்றவை. உங்கள் காஸ் குழாய்க்கு மேல் சுவர் வருகிறதா என்று அந்தப் பத்திரத்தில் ஒரு கேள்வியும் இல்லை. வீடு வாங்கும்போது நொத்தேர் தருகிற கட்டுக்குள் காஸ் பரிசோதனை அறிக்கை ஒன்று இருக்கும், 15 வருடத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு அது கட்டாயம். அந்த நிபுணரும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பார்ப்பார், நிலத்தை உடைக்க மாட்டார். ஆக எல்லாப் பத்திரமும் சரியாக இருந்தும், மாபிளுக்குக் கீழே கிடக்கிற குழாயை யாரும் பார்க்காமலே ஒரு வீடு கைமாறலாம். இது சட்டத்தின் குறை என்றுதான் நான் நினைக்கிறேன். அனுமதிப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் "அது சீனாவில, இது பிரான்ஸ்" என்பார்கள். பரவாயில்லை, சொல்கிறேன். 2021 ஜூன் 13 ஆம் திகதி விடிய, சீனாவின் ஷியான் நகரில் ஒரு சந்தைக் கட்டடம் வெடித்து 26 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடம் ஆற்று வாய்க்காலுக்கு மேல் கட்டப்பட்டது. அடியில் மூடுண்ட இடத்துக்குள்ளால் காஸ் குழாய் போனது. துருப்பிடித்து உடைந்தது. காஸுக்கு வெளியே போக வழியில்லை. சோதனைக்கு வருகிறவர்கள் அந்த இருட்டுக்குள் இறங்கிப் பார்த்ததில்லை. ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் கிளார்க்ஸ்டன் கடைத்தொகுதியில் 1971 ஒக்ரோபர் 21 ஆம் திகதி 22 பேர். அங்கேயும் கடைகளுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் காஸ் நிரம்பியது, நாள் கணக்கில் மணம் வந்துகொண்டிருந்தது. அதே கிளாஸ்கோவில் 2004 மே 11 ஆம் திகதி ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் 9 பேர். முற்றத்தை உயர்த்தி நிரவியபோது மண்ணுக்குள் போன குழாய் அது. அதைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு 1980 களின் கடைசியிலேயே எழுந்திருந்தது. தோண்டவில்லை. லண்டன், கிளாஸ்கோ, ரொறன்ரோவில் இருக்கிற வாசகர்களும் இதைத் தங்கள் வளவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அங்கேயும் பின்னுக்கு டெக் அடிக்கிறோம், கொன்சர்வேற்றரி போடுகிறோம்.

இனிக் காசு விசயம். குழாயை முதலே வேலியோரமாக மாற்றிப் போடுவதற்கு ஒரு பள்ளம், கொஞ்சக் குழாய், ஒரு நாள் இரண்டு நாள் வேலை, அழுத்தச் சோதனை, ஒரு சான்றிதழ். இதெல்லாம் கட்டடச் செலவோடு பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் வேலையைக் கறுப்பில் எடுத்த மேசன் இதைச் சொல்ல மாட்டார். அவர் கெட்டவர் என்று இல்லை. அவருக்குக் காஸ் வேலை தெரியாது, தெரிந்தவரைக் கூப்பிட்டால் பில் வரும், பில் வந்தால் மற்றதெல்லாம் கேள்விக்கு வரும். பத்து வருட உத்தரவாதக் காப்புறுதி 1978 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கட்டடக்காரருக்குக் கட்டாயம். கறுப்பு வேலையில் அது இல்லை. ஏதும் நடந்தால் வீட்டுக் காப்புறுதிக்காரன் வந்து முதலில் கேட்பது அறை எப்போது கட்டினது, யார் கட்டினது, அறிவித்தீர்களா. அறிவிக்காத அறைக்குக் காசு தர மறுக்க அவனுக்கு வழி உண்டு. அயல்வீட்டுக்காரன் காயப்பட்டால் அது வேறு கணக்கு.

எனக்கு உறுத்துவது காசல்ல. அந்த அறைகளில் படுக்கிறவர்கள் யார் என்பதுதான். கராஜை மாற்றிய அறையில் இருப்பது பெரும்பாலும் நேற்று வந்த பெடியன். அகதி வழக்கு முடியவில்லை, மொழி தெரியாது, வாடகைப் பத்திரம் இல்லை. மணம் வந்தாலும் அவன் யாரிடம் சொல்வான்? வீட்டுக்கார அண்ணையிடம் சொன்னால் "குளிருக்கு யன்னலைப் பூட்டினபடியால் வாற மணம்" என்பார். பொம்பியேக்கு அடித்தால் பொலிஸ் வரும், அறை போய்விடும் என்று அவன் பயப்படுவான். பல வருடங்களுக்கு முதல் நாங்களும் அப்படியான அறைகளில்தான் படுத்தோம். அப்போது வாடகை வாங்கியவன் யாரோ. இப்போது வாங்குகிறவர்கள் நாங்கள்.

அந்த அறைகளில் இன்னொரு ஆபத்தையும் பார்க்கிறேன். பழைய பின்சுவரில் கொதிகலனின் புகை வெளியே போகும் வாய் இருக்கும். சுவருக்கு வெளியே புது அறை வந்ததும் அந்தப் புகைவாய் அறைக்குள் வந்துவிடும். அல்லது குளிர் வருகிறது என்று காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைத்திருப்பார்கள். அங்கே வெடிப்பு இல்லை, சத்தம் இல்லை, காபன் மொனொக்சைட் நித்திரையிலேயே ஆளை எடுத்துவிடும். அதற்கு மணமே கிடையாது.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் என்ன செய்வது? உடைக்க வேண்டியதில்லை. கீழே கிடக்கிற குழாயை இரண்டு பக்கமும் வெட்டி, காஸ் எடுத்து, அடைத்துவிட்டு, புதுக் குழாயை வேறு வழியால் கொண்டுவரலாம். கடந்த இலைதுளிர் காலத்தில் பொபினியில் ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. முழு வேலையும் மூன்று நாள். இதைக் காஸ் வேலைக்குத் தகுதியுள்ள ஆள்தான் செய்யலாம், வேலை முடிய சான்றிதழ் வாங்கி வையுங்கள், வீடு விற்கும்போது நொத்தேர் கேட்பார். கட்டப் போகிறவர்கள் முதலில் வேலிப் பெட்டியிலிருந்து கொதிகலன் வரை குழாய் எந்த வழியால் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக் குழாய் என்றால் கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாம். பொலிஎத்திலீன் குழாய் கருவிக்கு லேசில் அகப்படாது, கவனமாகக் கையால் தோண்டித்தான் பார்க்கவேண்டும். பெட்டியை மறைத்துச் சுவர் எழுப்பாதீர்கள், அதற்கு முன்னால் குப்பைவாளியை அடுக்காதீர்கள். தீயணைப்பு வீரர் வந்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒன்று. வீட்டில் மெரிக் கடிதம் எழுதுவதும், வங்கியோடு ரெலிபோனில் கதைப்பதும், இணையத்தில் படிவம் நிரப்புவதும் நீங்கள்தான். பதினாறு வயதில் அப்பாவின் கட்டட அறிவித்தலை நிரப்பிக் கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அடுத்த முறை அப்பா "இதில ஒரு கையெழுத்து, இதில வீட்டு அளவு" என்று பேப்பரை நீட்டினால், குழாய் எங்கே போகுது அப்பா என்று கேளுங்கள். என்னைப் போன்ற ஆள் சொன்னால் "இவன் வேலை பிடிக்கக் கதைக்கிறான்" என்று நினைப்பார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

காஸ் மணம் வந்தால் லைற் போடவும் வேண்டாம், போட்ட லைற்றை நிற்பாட்டவும் வேண்டாம், அயலவனின் மணியை அடிக்கவும் வேண்டாம், கதவைக் கையால் தட்டுங்கள். யன்னலைத் திறந்து, மூடியை மூட முடிந்தால் மூடி, வெளியே போய் நின்று அங்கிருந்து 0 800 47 33 33 க்கு அடியுங்கள். இரவு பகல் இலவசம். இல்லாவிட்டால் 18 அல்லது 112. வெள்ளைத் தாளில் பெரிதாகத் தமிழில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டலாம். கராஜ் அறையில் ஆள் இருந்தால் அந்தக் கதவிலும் ஒன்று ஒட்டி, காஸை மூடுகிற இடம் எது என்று அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.